ஒரே தொட்டியா, இரண்டு தொட்டியா?

அமெரிக்காவின் மேற்கு மாசச்சூசெட்ஸில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், மறுசுழற்சிக் குப்பையைத் தரம்பிரிக்கும் ஆலை ஒன்று 1990 முதல் ஓடுகிறது. ஆலை மாநில அரசுக்குச் சொந்தம். நடத்துவது தனியார் நிறுவனம். சுற்றுவட்டாரத்தில் எழுபது ஊர்கள் வரை அதை நம்பியிருந்தன. அங்கெல்லாம் இரட்டைத் தொட்டிதான் வழக்கம். தாளும் அட்டையும் ஒன்றில். கண்ணாடி பாட்டில், தகர டப்பா, பிளாஸ்டிக் ஆகியவை இன்னொன்றில். ஆலையின் ஒப்பந்தம் 2020 ஜூனில் முடிய இருந்தது. அதுவரை சரக்கை விற்ற பணத்தில் ஊர்களுக்கும் பங்கு வந்துகொண்டிருந்தது. புதிய ஒப்பந்தத்திலோ டன்னுக்கு இவ்வளவு என்று ஊர்கள்தாம் கட்ட வேண்டும். கூடவே ஒரு கேள்வியும் வந்தது: இரண்டு தொட்டியிலேயே நிற்கிறீர்களா, எல்லாவற்றையும் ஒன்றாகப் போடும் ஒற்றைத் தொட்டிக்கு மாறுகிறீர்களா? இரட்டைத் தொட்டிச் சரக்குக்குக் கட்டணம் குறைவு. ஆனால் அதை அள்ளிவர லாரிச் செலவு கூடுதல். ஊர்ச் சபைகள் 2019இன் கடைசி மாதங்களை இந்தக் கணக்கைப் போட்டே கழித்தன.

வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முப்பது ஆண்டுகளாக ஓயாத வழக்கு இது. பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் இந்த ஒரு முடிவுதான் எந்த லாரியை வாங்குவது, எத்தனை ஆளை வைப்பது, எந்த ஆலையோடு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போடுவது, கடைசியில் அந்தப் பழைய தாள் தாளாகுமா குப்பை மேட்டுக்குப் போகுமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. தாளையும் பாட்டிலையும் பிரிக்கும் வேலை எங்காவது ஓர் இடத்தில் நடந்தே தீர வேண்டும். வீட்டுக்காரர் செய்யலாம், லாரியோடு போகும் ஆள் செய்யலாம், தரம்பிரிப்பு ஆலை செய்யலாம், காகித ஆலையும் செய்யலாம். யார் தலையில் கட்டுவது என்பதுதான் சண்டை. 'ஒற்றைத் தொட்டி மலிவு' என்று யாராவது சொன்னால், யாருக்கு மலிவு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் எல்லாம் தனித்தனிதான். மிசூரி மாநிலத்தின் யூனிவர்சிட்டி சிட்டியில் 1974இல் வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி கொடுத்தார்கள், செய்தித்தாளுக்கு மட்டும். நியூ ஜெர்சியின் வுட்பரி 1980இல் மறுசுழற்சியைக் கட்டாயமாக்கியது. கனடாவின் கிச்சனர் நகரில் 1981இல் சோதனையாகத் தொடங்கி 1983இல் ஊர் முழுவதும் பரவியது நீலப் பெட்டி. இன்று அதே நாட்டின் ஸ்கார்பரோவில் உறவுக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் பெரிய நீலத் தொட்டிக்கு அதுதான் மூதாதை. 1987இல் நியூயார்க் பக்கத்திலிருந்து குப்பையை ஏற்றிய மோப்ரோ 4000 என்ற படகு கொட்ட இடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் கடலில் அலைந்தது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த ஊர்கள் எல்லாம் மறுசுழற்சிக்கு அவசரப்பட்டன. அந்தக் காலத்தில் லாரியோடு வரும் ஆள் குனிந்து பெட்டியைத் தூக்கி, தாளை ஓர் அறையிலும் பாட்டிலை இன்னோர் அறையிலும் பிரித்துப் போடுவார். சரக்கு சுத்தமாக இருந்தது. அவருடைய முதுகெலும்புதான் தேய்ந்தது.

ஒற்றைத் தொட்டி 1990களில் கலிஃபோர்னியாவில் வேர்பிடித்தது. அதைக் கொண்டுவந்தது சூழலியல் சிந்தனை அல்ல, லாரிதான். பக்கவாட்டில் இரும்புக் கை முளைத்த தானியங்கி லாரிக்கு ஓட்டுநர் ஒருவர் போதும். இருக்கையை விட்டு இறங்காமலே ஒரு நாளில் ஆயிரம் வீடுகளை ஒட்டி முடித்துவிடலாம். அந்தக் கை பிடிக்கச் சக்கரம் வைத்த பெரிய மூடுதொட்டி வேண்டும். அப்படி இரண்டை வீட்டுக்கு வீடு வைக்க எல்லோரிடமும் இடமில்லை. எனவே ஒன்று. ஆள் குறைந்தார்கள், இடுப்புப் பிடிப்பு, முதுகு வலி என்று வரும் இழப்பீட்டு வழக்குகளும் குறைந்தன. மூடியிருப்பதால் மழையில் தாள் நனைவதில்லை. தொட்டி பெரிதாக இருப்பதால் மக்களும் அதிகம் போட்டார்கள். அமெரிக்கக் காகிதத் தொழில் சங்கத்தின் கணக்கில், ஒற்றைத் தொட்டி முறையின் பங்கு 2005இல் 30 சதவீதத்துக்கும் கீழே; 2014இல் 80 சதவீதத்தை ஒட்டி. பத்தே ஆண்டுகளில் ஒரு நாடே மாறிவிட்டது.

இரட்டை அறை லாரியிலும் ஒரு தொல்லை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. இரண்டு அறைகளும் ஒரே வேகத்தில் நிரம்பாது. செய்தித்தாள் படிக்கிறவர்கள் குறைந்துபோய், வாசலுக்கு வாசல் ஆன்லைன் கடைகளின் அட்டைப்பெட்டி குவிகிற காலம் இது. எடை குறைவு, இடம் அதிகம். தாள் அறை நிரம்பி வழியும்போது பாட்டில் அறை பாதி காலியாக இருக்கும். ஆனாலும் லாரி ஆலைக்குப் போய்க் கொட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இதைச் சமாளிக்க நியூ ஜெர்சியின் சில ஊர்கள் ஓர் உபாயம் கண்டன: ஒரு வாரம் தாள், மறுவாரம் பாட்டில். லாரி ஒன்றே, சரக்கு தனித்தனி. எந்த வாரம் எது என்று மக்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஒற்றைத் தொட்டிச் சரக்கு போய்ச் சேரும் ஆலைக்குள் நுழைவோம். லாரி தரையில் கொட்டுகிறது. சக்கரம் வைத்த இயந்திரம் அதை அள்ளி கன்வேயர் பெல்ட்டில் போடுகிறது. முதலில் நிற்பவர்கள் மனிதர்கள். தோட்டத்து ரப்பர் குழாய், மின்கம்பி, குழந்தை அணையாடை, கார் உதிரிபாகம், எப்போதாவது ஊசி: வரக்கூடாததையெல்லாம் ஓடுகிற பெல்ட்டிலிருந்து கையால் பிடுங்கிப் போடுகிறார்கள். அடுத்து வரிசை வரிசையாகச் சுழலும் வட்டுகள். தட்டையான அட்டையும் தாளும் அவற்றின் மேல் மிதந்து ஏறும். உருண்டையான பாட்டிலும் டப்பாவும் கீழே உருளும். கண்ணாடி அங்கேயே உடைந்து சந்துகளின் வழியே விழும். இரும்பைக் காந்தம் இழுக்கும். அலுமினியத்தைச் சுழலும் காந்தப்புலம் எட்டித் தள்ளும். பிளாஸ்டிக்கின் இனத்தை அகச்சிவப்பு ஒளி அடையாளம் கண்டு காற்றை ஊதி வேறு பாதைக்கு அனுப்பும்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் முழு ஏற்பாடும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது: தட்டையானது தாள், உருண்டையானது பாட்டில். லாரிக்குள் சரக்கை அழுத்தி நசுக்கினால் பிளாஸ்டிக் பாட்டில் தட்டையாகித் தாளோடு மேலே ஏறிவிடும். அழுத்தாமல் விட்டால் லாரி சீக்கிரம் நிரம்பி, மிச்சம்பிடித்த டீசல் காசு போய்விடும். பிளாஸ்டிக் பை வந்தால் இன்னும் மோசம். வட்டுகளின் அச்சில் சுற்றிச் சுற்றி இறுகி, இடைவெளியையே அடைத்துவிடும். அப்போது இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைப் பூட்டி, ஆட்கள் கத்தியோடு வட்டுகளின் நடுவே இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். பல ஆலைகளில் இது தினசரி வேலை. ஒரே தொட்டி என்றதும் எதையும் போடலாம் என்ற எண்ணம் மக்களுக்கு வந்துவிடுகிறது. குற்றம் சொல்ல முடியாது. மூடியைத் திறந்தால் அத்தனை பெரிய வாய்.

இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுவது கண்ணாடி. கொள்கலன் மறுசுழற்சி நிறுவனம் என்ற அமெரிக்க ஆய்வமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒற்றைத் தொட்டியில் போடும் கண்ணாடியில் 40 சதவீதம்தான் மீண்டும் பாட்டிலாகவோ கண்ணாடியிழையாகவோ ஆகிறது. 40 சதவீதம் குப்பை மேட்டுக்குப் போகிறது. மீதி 20 சதவீதம் வேறெதற்கும் உதவாத பொடியாகி, மட்டமான பயன்களுக்குப் போகிறது. இரட்டைத் தொட்டியில் 90 சதவீதம் தேறுகிறது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து வைப்புத்தொகையை வாங்கும் முறையில் 98 சதவீதம். அந்த அமைப்பு வைப்புத்தொகைச் சட்டத்துக்காகவே வாதாடுவது, ஆகவே சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் திசை சரி. பாட்டில் ஆலையின் உலையில் பீங்கான் துணுக்கோ கல்லோ ஒன்று போனாலும் புதிய பாட்டிலில் குறை விழும். ஆகவே மூடியும் தாள் துணுக்கும் கலந்த கண்ணாடிப் பொடியை அவர்கள் வாங்க மாட்டார்கள்.

கண்ணாடி தான் கெடுவதோடு நிற்பதில்லை, தாளையும் கெடுக்கிறது. காகித ஆலையில் பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கடைந்து கூழாக்குவார்கள். அதில் கண்ணாடிச் சில்லு கலந்தால் பம்பும் சல்லடையும் மணற்காகிதத்தால் தேய்த்தது போலத் தேயும். பிளாஸ்டிக் கலந்தால் அதை வடித்தெடுத்துக் குப்பையாகக் கொட்டக் காகித ஆலையே காசு கொடுக்க வேண்டும். ஊரின் வரவுசெலவுக் கணக்கில் இது வராது. ஒற்றைத் தொட்டியின் 'மிச்சம்' பலவும் இப்படி அடுத்தவர் கணக்கில் எழுதப்பட்டவைதாம்.

அந்த அடுத்தவர் பல ஆண்டுகள் சீனாவாக இருந்தார். கலிஃபோர்னியாத் துறைமுகங்களில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கப்பல்களில் பழைய தாளும் பிளாஸ்டிக்கும் மலிவாக ஏறின. கலப்படத்தை அங்கே கைகளால் பொறுக்கிக்கொண்டார்கள். 2013இல் சீனா ஒருமுறை கெடுபிடி காட்டியது. 2017 ஜூலையில் உலக வர்த்தக அமைப்பிடம் அறிவித்துவிட்டு, 2018 ஜனவரி முதல் 24 வகைக் கழிவுகளுக்குக் கதவை அடைத்தது. தரம்பிரிக்காத கலப்புத் தாளும் வீட்டு பிளாஸ்டிக்கும் அதில் அடக்கம். வாங்கிய மற்றவற்றிலும் கலப்படம் அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. அமெரிக்க ஒற்றைத் தொட்டி ஆலைகளால் தொடமுடியாத அளவு அது. கலப்புத் தாளின் விலை தரைதட்டியது. ஃபிலடெல்ஃபியா நகரம் 2019 தொடக்கத்தில் தன் மறுசுழற்சிக் குப்பையில் ஏறக்குறைய பாதியை எரிஉலைக்கு அனுப்பியது. வீட்டில் கழுவித் துடைத்துப் போட்டவர்களுக்கு இது தெரிந்தபோது எழுந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

சீனா மூடிய கதவுக்கு மாற்றாகத் திறந்த கதவுகளில் இந்தியாவும் ஒன்று. அமெரிக்கக் கலப்புத் தாள் வாங்குவதில் இந்திய ஆலைகள் முன்வரிசைக்கு வந்தன. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் பழைய தாள் கன்டெய்னர்கள் அந்த வரிசையைச் சேர்ந்தவை. வேடிக்கை என்னவென்றால், நம் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர் செய்தித்தாளுக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை, பாட்டிலுக்கு ஒரு விலை என்று பிரித்துத்தான் தராசில் வைப்பார். பிரித்துக் கொடுத்தால் காசு என்பதால் நம் வீடுகளில் யாரும் வகுப்பெடுக்காமலே பிரித்து வைக்கிறோம். அமெரிக்க வீட்டுக்காரர் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அவருக்குக் கையில் ஒரு சென்ட்டும் வராது.

இரட்டைத் தொட்டிக்காரர்கள் இந்த இடத்தில் 'பார்த்தீர்களா?' என்று எழுந்து நிற்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நியூயார்க் நகரம் 1989இல் சட்டம் போட்டதிலிருந்து இரட்டை வழிதான்: தாள் தனி; உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக் தனி. தாளைத் தனியாக வைக்க அந்த நகருக்குக் கண்ணுக்குத் தெரிந்த காரணம் உண்டு. ஸ்டேட்டன் தீவில் 1997இல் திறந்த காகித ஆலை நகரின் பழைய தாளை நேரடியாக வாங்குகிறது. மன்ஹாட்டனின் தாள் ஹட்சன் ஆற்றங்கரையில் படகில் ஏறி அங்கே போய், அட்டையாகி, நகரத்துக்கே பீட்சா பெட்டியாகத் திரும்பி வருகிறது. சீனா கதவடைத்தபோது நியூயார்க்கின் தாளுக்கு வாங்க ஆள் இருந்தது. பாட்டில்களுக்கு 2013 கடைசியில் புரூக்ளினின் சன்செட் பார்க் கரையில் புது ஆலை வந்தது. 2015இல் மேயர் பில் டி பிளாசியோ 2020க்குள் ஒற்றைத் தொட்டிக்கு மாறுவோம் என்று திட்டம் அறிவித்தார். நடக்கவில்லை. நடக்காததே நல்லது என்பது என் கட்சி.

ஆனால் மறுபக்கம் பாருங்கள். நியூயார்க் வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அடுக்குமாடிகளில் இடமில்லை. அதுபோக 2002இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் செலவைக் காட்டிக் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் எடுப்பதை நிறுத்தினார். பிளாஸ்டிக் 2003இலும் கண்ணாடி 2004இலும் திரும்ப வந்தன. மக்களின் பழக்கம் உடனே திரும்பவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவோ நீலத் தொட்டி ஒன்றில் எல்லா உலர் சரக்கையும் வாங்கிக்கொண்டே நாட்டில் முன்னோடி என்று பெயர் எடுத்தது. அதன் பலம் நீலத் தொட்டியில் இல்லை, பச்சைத் தொட்டியில் இருக்கிறது. உணவுக் கழிவைத் தனியாக எடுத்து 2009இல் கட்டாயமும் ஆக்கியதால், எச்சில் சோறும் குழம்பும் தாளோடு சேரவில்லை. ஈரத்தை விலக்கிவிட்டால் ஒற்றைத் தொட்டியும் ஓரளவு மானத்தோடு நடக்கும்.

'இன்னும் ஒரு படி மேலே போவோம், குப்பையும் மறுசுழற்சியும் எல்லாமே ஒரே தொட்டி' என்றவர்களும் இருந்தார்கள். ஹூஸ்டன் அந்த யோசனைக்கு 2013இல் 10 லட்சம் டாலர் பரிசு வாங்கியது. திட்டம் காகிதத்தைத் தாண்டவில்லை. அலபாமாவின் மான்ட்கமரியில் அப்படி ஓர் ஆலை 2014இல் திறந்து, 2015 அக்டோபரில் மூடியது.

பிரிட்டனில் சண்டை நீதிமன்றம் வரை போனது. பொருளைத் தனித்தனியாகச் சேகரிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒற்றைத் தொட்டியைத் தடுக்கிறது என்று வாதாடியவர்கள் 2013இல் தோற்றார்கள். தேவையும் நடைமுறைச் சாத்தியமும் உள்ள இடத்தில் பிரித்தால் போதும் என்றது உயர் நீதிமன்றம். வேல்ஸ் அரசு அதற்கு முன்பே, 2011இல், வாசலிலேயே பிரித்தெடுக்கும் முறையைப் பரிந்துரைத்திருந்தது. இன்று வேல்ஸின் மறுசுழற்சி விகிதம் 66 சதவீதத்துக்கு மேல். இங்கிலாந்து 44 சதவீதத்தை ஒட்டித் தேங்கி நிற்கிறது. தொட்டிகளின் எண்ணிக்கை மட்டும் இதற்குக் காரணமல்ல. இலக்கை எட்டாத ஊராட்சிக்கு அபராதம், வாரந்தோறும் உணவுக் கழிவுச் சேகரிப்பு ஆகியவையும் சேர்ந்துதான் இந்த வித்தியாசம். இங்கிலாந்தும் 2026 மார்ச் 31 முதல் வீடுகளில் தாளைத் தனியாக எடுப்பதையே பொது விதியாக வைத்தது. சேர்த்து எடுக்க விரும்பும் ஊர் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு இது.

அப்படியானால் ஊர்கள் உண்மையில் எப்படித்தான் முடிவு செய்கின்றன? ஆய்வறிக்கை படித்து அல்ல. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் யுரேகா என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2002இல் பல முறைகளை ஊரிலேயே சோதித்து, இரட்டை வழியே மேல் என்று எழுதியது. அதே நகரம் 2014இல் ஒற்றை வழிக்குப் போனது. முடிவைத் தீர்மானிப்பவை வேறு. பக்கத்தில் எந்த ஆலை இருக்கிறது, அது யாருடையது? லாரிகளுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள்? லட்சக்கணக்கில் சக்கரத் தொட்டி வாங்கியாயிற்றா? சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் ஒற்றைக்குப் போய், இரட்டைச் சரக்கை வாங்கும் ஆலையே இல்லாமல் போனால், தனியாக நிற்கும் ஊருக்கு வேறு வழியில்லை. இரட்டையில் உறுதியாக நிற்கும் இடங்களைப் பாருங்கள்: மேரிலாந்தின் மான்ட்கமரி கவுண்டி, நீலப் பெட்டியும் மஞ்சள் பெட்டியும் வைத்த ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டி, மிஷிகனின் எம்மெட் கவுண்டி. மூன்று இடத்திலும் ஆலை பொது நிர்வாகத்தின் கையில். ஆலையை வைத்திருப்பவருக்குத் தெரியும், கலப்படத்தின் விலை யார் மடியில் விழும் என்று.

ஒற்றைக்குப் போய்விட்ட ஊர்கள் முழுதாகத் திரும்புவது அரிது. பாதி வழி திரும்பலாம். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ், ஆர்லிங்டன் கவுண்டிகள் 2019இல் கண்ணாடியை வீட்டுத் தொட்டியிலிருந்து விலக்கி, ஊருக்குள் ஆங்காங்கே ஊதா நிறப் பெட்டிகளை வைத்தன. மக்கள் தாங்களே கொண்டுவந்து போட வேண்டும். வரமாட்டார்கள் என்று ஆருடம் சொன்னவர்கள் ஏமாந்தார்கள், பெட்டிகள் நிரம்பின. ஃபேர்ஃபாக்ஸில் 'பிக் புளூ' என்று பட்டப்பெயர் வைத்த இயந்திரம் அந்த பாட்டில்களை நொறுக்கி மணலும் ஜல்லியுமாக்குகிறது. சுத்தமாக வருவதால் கண்ணாடித் தொழிலுக்கும் ஒரு பகுதி போகிறது.

ஒற்றைத் தொட்டிக்காக வாதாடுகிறவர்கள் இப்போது புதிய இயந்திரங்களைக் காட்டுகிறார்கள். ஒளியால் தரம்பிரிக்கும் கருவிகளும் பொறுக்கியெடுக்கும் ரோபோக்களும் பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிட வெகுவாக மேம்பட்டிருப்பது உண்மை. பெரிய நகரம், பெரிய ஆலை, நிறைய சரக்கு என்றால் அந்தக் கணக்கு ஒத்துவரலாம். சிற்றூர் ஒன்றுக்கு வராது. எந்த ரோபோவும் தாளுக்குள் புகுந்துவிட்ட கண்ணாடிப் பொடியைத் திரும்ப எடுத்துத் தரப்போவதும் இல்லை.

என் தீர்ப்பு இது. இரட்டை வழியில் இருக்கும் ஊர், லாரிக்காரர் சொல்லும் மிச்சத்தை மட்டும் நம்பி அதைக் கலைக்கக் கூடாது. கலைப்பது ஓராண்டு வேலை, திரும்பக் கட்டுவது ஒரு தலைமுறை வேலை. ஒற்றை வழிக்குப் போய்விட்ட ஊர், தொட்டியை மாற்றும் முன் கண்ணாடியை வெளியே எடுக்கட்டும். ஊதாப் பெட்டியோ வைப்புத்தொகையோ எதுவானாலும் சரி. அடுத்து உணவுக் கழிவைப் பிரிக்கட்டும். எந்த வழியானாலும் சபையில் கேட்க வேண்டிய கணக்கு வாசலில் அள்ளிய டன் எவ்வளவு என்பதல்ல, ஆலைவாசலில் விற்ற டன் எவ்வளவு என்பது. அந்த இரண்டாவது எண்ணைத் தர மறுக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடாதீர்கள்.